கடிதம் எழுதிப் பழகுங்கள், பிறகு வாக்குக் கேளுங்கள்

"சேர், எம்.பி. ஆகுறதுக்கு என்ன படிக்கணும்?"

டிக்கோயாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில், பிள்ளைக் காம்பராவில் நடந்த தொழில் வழிகாட்டல் கூட்டத்தில் ஒரு தங்கச்சி என்னிடம் கேட்ட கேள்வி இது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருந்தவள். பின்வரிசைப் பையன்கள் சிரித்தார்கள். அதுவரை எல்லோரும் கேட்டது ஆசிரியர் நியமனம், தாதியர் பயிற்சி, கொழும்பில் கடை வேலை, வெளிநாடு, இவற்றைப் பற்றித்தான். அவள் கேட்டதும் ஒரு வேலையைப் பற்றித்தானே. கொடுப்பனவு உண்டு, காரியாலயம் உண்டு, கடமை உண்டு, ஒழுங்காகச் செய்யாவிட்டால் ஐந்து வருஷத்தில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அன்று பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். முழுப் பதில் இங்கே.

முதலில் சட்டம். பாராளுமன்றத் தேர்தலில் நிற்க எந்தப் பட்டமும் வேண்டாம், சாதாரண தரம்கூடக் கட்டாயமில்லை. இலங்கைப் பிரஜையாக, 18 வயது நிரம்பி, வாக்காளராகத் தகுதி உள்ளவராக இருக்க வேண்டும். இரட்டைக் குடியுரிமை இருக்கக் கூடாது, 2022இல் வந்த 21ஆவது திருத்தம் அந்தக் கதவை மறுபடி மூடியது. அரச உத்தியோகத்தில் இருப்பவர், தன் பதவியின் தரத்துக்குப் போட்டியிட அனுமதி உண்டா என்று முன்கூட்டியே எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். வாயால் சொன்ன அனுமதி பிறகு உதவாது. பாராளுமன்றத்தில் 225 ஆசனங்கள். அவற்றில் 196 மாவட்டங்களிலிருந்து, 29 தேசியப் பட்டியலிலிருந்து. நம் நுவரெலியா மாவட்டத்துக்கு 8 ஆசனம். ஒரு கட்சி 11 பேரை நிறுத்தலாம், வாக்காளர் தன் கட்சியில் மூன்று பேருக்கு விருப்பு வாக்குப் போடலாம். சட்டம் கேட்பது அவ்வளவுதான். மக்கள் கேட்பதுதான் பெரிய பட்டியல்.

பெயர் திறக்கும் கதவு

இளவயதில் பாராளுமன்றம் போனவர் என்றால் நம் பக்கத்தில் எல்லோருக்கும் முதலில் ஞாபகம் வருபவர் ஜீவன் தொண்டமான். 2020 மே 26ஆம் திகதி அவருடைய தகப்பனார் ஆறுமுகன் தொண்டமான் அமைச்சராக இருந்தபோதே காலமானார். வேட்பாளர் பட்டியலில் தகப்பனின் இடத்தில் மகனின் பெயர் ஏறியது. இரண்டரை மாதம் ஆகுமுன், ஆகஸ்ட் 5ஆம் திகதி பொதுத் தேர்தல். 1994இல் பிறந்தவர், அப்போது வயது 25. மாவட்டத்தில் அவருக்குக் கிடைத்த விருப்பு வாக்கு 1,09,155. அதே மாதம் தோட்ட வீடமைப்புக்குப் பொறுப்பான இராஜாங்க அமைச்சர். 2022 ஏப்ரலில் பொருளாதார நெருக்கடி முற்றியபோது அவருடைய கட்சியான இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் அரசாங்கத்தை விட்டு விலகியது. 2023 ஜனவரி 19ஆம் திகதி, 28 வயதில், நீர் வழங்கல், பெருந்தோட்ட உட்கட்டமைப்பு அபிவிருத்தி அமைச்சராகச் சத்தியப் பிரமாணம் செய்தார். அந்த அமைச்சரவையில் அவர்தான் வயதில் இளையவர்.

இந்தப் பாதையில் உங்களுக்கும் எனக்கும் நடக்க இடமில்லை. கொள்ளுத் தாத்தா சௌமியமூர்த்தி தொண்டமானின் பெயர் 1947இலிருந்து இந்த மலைகளில் ஒலிக்கிறது. அந்தப் பெயரோடு பிறப்பது ஒருவர் கையில் இல்லை. ஆனால் அடுத்து நடந்ததைக் கவனியுங்கள். 2024 நவம்பர் 14 தேர்தலில் அவர் யானைச் சின்னத்தில் நின்றார். ஆசனம் கிடைத்தது, நாடு முழுவதும் அந்தச் சின்னத்துக்குக் கிடைத்த ஒரே ஆசனம் அதுதான். ஆனால் விருப்பு வாக்கு 2020இல் பெற்றதில் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. தேசிய மக்கள் சக்தி மாவட்டத்தின் எட்டில் ஐந்து ஆசனங்களை எடுத்துக்கொண்டது. நாடு தழுவிய அலை ஒரு காரணம், அதை மறைக்க வேண்டியதில்லை. என்றாலும், தாத்தா காலத்திலிருந்து ஒரே சின்னத்துக்குப் புள்ளடி போட்ட லயத்திலேயே பேரப்பிள்ளைகள் வேறு பெட்டியில் புள்ளடி போட்டார்கள். பெயர் முதல் கதவைத் திறக்கும். இரண்டாவது கதவில் "என்ன செய்தாய்?" என்று கேட்பார்கள்.

அந்த அலையில்தான் நம் பெண்களுக்கான கதவும் திறந்தது. நுவரெலியாவிலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வி, பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேல். மலையகத் தமிழ்ப் பெண்கள் மக்கள் வாக்கால் பாராளுமன்றம் போனது அதுவே முதல் தடவை. கொழுந்து பறிக்கும் கைகளில் பெரும்பாலானவை பெண்களின் கைகள். தொழிற்சங்கச் சந்தாவும் அந்தக் கைகளின் சம்பளத்திலிருந்துதான் வெட்டப்படுகிறது. அப்படியிருந்தும் இந்த ஆசனம் வர 77 வருஷம் ஆனது. பின்வரிசையில் சிரித்த தம்பிமாருக்கு இந்தக் கணக்கைத்தான் சொல்ல விரும்புகிறேன்.

தலவாக்கலையைச் சேர்ந்த பெ. சந்திரசேகரனையும் இளையவர்கள் படிக்க வேண்டும். 1989இல் மலையக மக்கள் முன்னணியைத் தொடங்கினார். 1994இல் சுயேச்சைக் குழுவாக நின்று நுவரெலியாவில் வென்றார். சந்திரிகாவின் கூட்டணிக்கு 105, முஸ்லிம் காங்கிரஸுக்கு 7. பெரும்பான்மைக்கு 113 வேண்டும். குறைந்தது ஒன்று, அந்த ஒன்று சந்திரசேகரன். பெரிய கட்சியும் பெரிய சின்னமும் இல்லாமல் போன ஒரு மலையகத்தான் ஒரு அரசாங்கம் அமையக் காரணமானார். அவர் பிரதி அமைச்சரானதும், பிறகு அந்தக் கட்சி போன வழிகளும் தனிக் கதை.

1947இன் பாடம்

நான் அதிகம் நினைத்துப் பார்ப்பது சி.வி. வேலுப்பிள்ளையை. வட்டகொடைப் பக்கம் மடக்கும்புர தோட்டத்தில் 1914இல் பிறந்தவர். 1947இல் நடந்த முதல் பாராளுமன்றத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. தலவாக்கலை ஆசனம் அவருடையது. வயதில் முப்பதுகளின் தொடக்கத்தில் இருந்த ஒரு கவிஞர், தோட்டத்து மகன், சட்டம் இயற்றும் சபையில் உட்கார்ந்தார். மறு வருஷமே 1948இன் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. அதைத் தொடர்ந்து வாக்காளர் இடாப்பிலிருந்து நம்மவர் பெயர்கள் அடித்து நீக்கப்பட்டன. 1952 தேர்தலில் அந்த ஏழு ஆசனங்களும் இல்லை. வேலுப்பிள்ளைக்கு வாக்குப் போட்ட சனம் அதே லயத்தில், அதே மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டுதான் இருந்தது. இடாப்பில் மட்டும் அவர்களுடைய பெயர் இல்லை. மறுபடி நம் மக்களின் வாக்கால் ஒருவர் தெரிவாக 1977 வரை, சௌமியமூர்த்தி தொண்டமான் நுவரெலியா–மஸ்கெலியாத் தொகுதியில் வெல்லும் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது.

பதவி போன பிறகு வேலுப்பிள்ளை என்ன செய்தார்? தொழிற்சங்க வேலையைத் தொடர்ந்தார். வி.கே. வெள்ளையன் 1965இல் தொடங்கிய தொழிலாளர் தேசிய சங்கத்தில் சேர்ந்து உழைத்தார். தோட்டம் தோட்டமாகப் போய் மக்களின் வாய்மொழிப் பாட்டுகளைக் கேட்டு எழுதித் தொகுத்தார். மக்கள் பிரதிநிதி என்ற வேலையை அவர் ஐந்து வருஷம்தான் பாராளுமன்றத்தில் பார்த்தார். மிச்ச முப்பது வருஷமும் வெளியில் நின்று அதே வேலையைத்தான் பார்த்தார் என்பது என் கணிப்பு.

இதிலிருந்து நான் பிடித்துக்கொண்டது ஒன்று. நம்மிடமிருந்து பறிக்கப்பட்டதெல்லாம் காகிதத்தில்தான் பறிக்கப்பட்டது. பிரஜாவுரிமை காகிதத்தில் போனது, 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தக் காகிதத்தில் ஐந்து லட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவின் கணக்கில் எழுதப்பட்டார்கள். திரும்பி வந்ததும் காகிதத்தில்தான். 1988ஆம் ஆண்டுச் சட்டம், 2003ஆம் ஆண்டுச் சட்டம் எல்லாம் காகிதம். ஆகவே மலையகத்தில் பிரதிநிதியாக வர நினைப்பவருக்கு முதல் தகுதி காகிதம் தெரிவது: படிக்கத் தெரிய வேண்டும், எழுதத் தெரிய வேண்டும், எந்த மேசையில் எந்த ஃபைல் நிற்கிறது என்று விசாரிக்கத் தெரிய வேண்டும். மேடைப் பேச்சு ஆறு மாதத்தில் வரும். இது வர வருஷக்கணக்காகும். அதனால்தான் இன்றைக்கே தொடங்கச் சொல்கிறேன்.

தொடங்கும் இடம் பிரதேச சபை

ஹட்டன்–டிக்கோயா நகர சபை பஜாரையும் நகரத்தையும் பார்க்கிறது. சுற்றியுள்ள தோட்டங்களில் பெரும்பகுதி பிரதேச சபைக்குள் வரும். முன்பு அம்பகமுவ என்ற ஒரே சபை இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட மக்களைக் கட்டி இழுத்தது. அது அம்பகமுவ, நோர்வூட், மஸ்கெலியா என்று மூன்றாகப் பிரிந்து, 2018 தேர்தலில் முதன்முதலாகத் தனித்தனியாக உறுப்பினர்களைத் தெரிவு செய்தது. அதாவது, உங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு வட்டாரம், அந்த வட்டாரத்துக்கு ஒரு ஆசனம். பாராளுமன்றத்துக்கு ஆயிரக்கணக்கில் வாக்கு வேண்டும், இங்கே சில நூறு வாக்கு உங்களை உள்ளே கொண்டுபோகலாம்.

2018 வேறு ஒரு காரணத்துக்காகவும் முக்கியமான வருஷம். 1987இன் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபையின் பணத்தைத் தோட்டத்துக்குள் செலவழிக்கத் தடையாக நின்றது. யோசித்துப் பாருங்கள். தோட்டத்து வாக்கால் ஒருவர் உறுப்பினராகிறார், தோட்டத்து ரோட்டில் ஒரு லோட் கல் போட அவருக்கு அதிகாரம் இல்லை. முப்பது வருஷம் அப்படித்தான் இருந்தது. 2018இல் சட்டம் திருத்தப்பட்டு வழி திறந்தது. திறந்தாலும் காரியம் தானாக நடக்காது. தோட்டக் காணி அரசாங்கத்துடையது, 1992இலிருந்து அதை நடத்துவது பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகள். ஆகவே சபை ஒரு பக்கம், தோட்ட நிர்வாகம் ஒரு பக்கம், இரண்டையும் ஒரே மேசைக்குக் கொண்டுவருவது உறுப்பினரின் வேலை. இந்தத் திருத்தத்தைப் பற்றித் தெரியாமலே சபையில் உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. நீங்கள் அதன் பிரதியை எடுத்துப் படித்து வைத்தால், முதல் கூட்டத்திலேயே உங்களுக்குப் பேச விஷயம் இருக்கும்.

இளையவர்களுக்கும் பெண்களுக்கும் சட்டம் இடம் ஒதுக்கியிருக்கிறது. உள்ளூராட்சிச் சபைகளில் நாலில் ஒரு பங்கு பெண்களுக்கு என்ற ஏற்பாடு 2018இல் நடைமுறைக்கு வந்தபோது, 2 சதவீத அளவில் கிடந்த பெண்கள் பங்கு 20 சதவீதத்தைத் தாண்டியது. வேட்பு மனுப் பட்டியலில் நாலில் ஒரு பங்கு இளையவர்கள் இருக்க வேண்டும் என்ற விதியும் இப்போது உண்டு. கட்சிகள் இளையவர்களைத் தேடி வரும். வரும்போது உங்கள் கையில் என்ன இருக்க வேண்டும்? பிறப்புச் சான்றிதழ். சும்மா சொல்லவில்லை. 2025 மார்ச்சில், மே 6 தேர்தலுக்காகக் கொடுத்த வேட்பு மனுக்களில் ஏராளமானவை நிராகரிக்கப்பட்டன. அதற்கு ஒரு பெரிய காரணம், இளைய வேட்பாளர்களின் வயதை நிரூபிக்கும் பிறப்புச் சான்றிதழ் உரிய முறையில் அத்தாட்சிப்படுத்தப்படாதது. சிலர் நீதிமன்றம் போய் மீட்டார்கள். எல்லோருக்கும் அது வாய்க்கவில்லை. வருஷக்கணக்காக உழைத்தவர்கள் ஒரு முத்திரை இல்லாததால் வெளியே நின்றார்கள்.

இன்னொரு காகிதம்: 2023இன் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவு ஒழுங்குபடுத்தல் சட்டப்படி, பெறுபேறு வந்து 21 நாளுக்குள் ஒவ்வொரு வேட்பாளரும் செலவுக் கணக்கை ஒப்படைக்க வேண்டும். தோற்றவரும் ஒப்படைக்க வேண்டும். தோற்றால் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடலாம் என்று நினைப்பவர்கள் பிறகு நீதிமன்றப் படி ஏற நேரும். சுவரொட்டிக்குக் கொடுத்த காசுக்கும் ஓட்டோவுக்குக் கொடுத்த காசுக்கும் அன்றன்றைக்கே ஒரு கொப்பியில் கணக்கு எழுதுங்கள்.

ஒரு கடிதம், அதன் மூன்று உயிர்

வேலையைக் கற்றுக்கொள்ளப் பதவி வேண்டியதில்லை. உங்கள் லயத்துக்குப் போகும் ரோட்டில் மதகு உடைந்திருக்கிறது என்று வையுங்கள். சாதாரணமாக நாம் எழுதும் கடிதம் இப்படி இருக்கும்: "ஐயா, எங்கள் தோட்ட மக்கள் பல ஆண்டுகளாகச் சொல்லொணாத் துன்பத்தை அனுபவித்து வருகிறார்கள். தாங்கள் தயவுகூர்ந்து ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்." இதைப் படிக்கும் உத்தியோகத்தருக்கு எங்கே போக வேண்டும், என்ன செய்ய வேண்டும் என்று தெரியாது. ஃபைலில் போட்டுவிடுவார்.

இப்படி எழுதிப் பாருங்கள்: "கீழ்ப் பிரிவு 6ஆம் இலக்க லயத்துக்கும் பாடசாலைக்கும் இடையிலுள்ள மதகு, ஜூன் 3ஆம் திகதி மழையில் உடைந்தது. நீளம் எட்டு அடி, அகலம் பத்து அடி. தினமும் 64 மாணவர் கடக்கிறார்கள். அம்புலன்ஸ் லயத்துக்கு வர முடியாது. தொழில்நுட்ப உத்தியோகத்தரை அனுப்பி மதிப்பீடு தயாரிக்கும்படி கேட்கிறோம். தோட்ட முகாமையாளரின் சம்மதக் கடிதம் இணைப்பு 1. புகைப்படம் இரண்டு, இணைப்பு 2." திகதி, அளவு, எண்ணிக்கை, கேட்பது ஒன்று. தவிசாளருக்கு ஒன்று, செயலாளருக்கு ஒரு பிரதி. பதிவுத் தபாலில் போட்டு, ரசீதைக் கொப்பியில் ஒட்டி வையுங்கள். தமிழில் எழுதுங்கள். அம்பகமுவ இருமொழி நிர்வாகப் பிரிவாகப் பிரகடனப்படுத்தப்பட்ட இடம். தமிழில் எழுதித் தமிழில் பதில் பெறுவது உங்கள் உரிமை.

பதில் வராவிட்டால்? அங்கேதான் கடிதத்துக்கு இரண்டாவது உயிர். 2016இன் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டப்படி ஒரு கோரிக்கை எழுதுங்கள்: எனது இன்ன திகதிக் கடிதத்துக்கு எடுத்த நடவடிக்கை என்ன, மதிப்பீடு தயாரிக்கப்பட்டதா, அதன் பிரதி தேவை. ஏன் கேட்கிறாய் என்று உங்களிடம் கேட்க முடியாது. தகவல் அலுவலர் 14 வேலை நாளுக்குள் தருகிறோம், அல்லது முடியாது என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அங்கும் சரிவராவிட்டால் கொழும்பில் ஆணைக்குழு. கத்திப் பேசாமல், யாரையும் பகைக்காமல், ஒரு ஃபைலை மேசையிலிருந்து எழுப்பும் வழி இது. நம் பக்கத்தில் இதைப் பயன்படுத்துபவர்கள் இன்னும் போதாது.

மூன்றாவது உயிர் சபைக்குள். பொதுமக்கள் வரிசையில் உட்கார்ந்து ஒரு பிரதேச சபைக் கூட்டத்தையாவது முழுதாகப் பாருங்கள். வரவு செலவுத் திட்டம் வைக்கும் மாதத்தில் போனால் இன்னும் நல்லது. உங்கள் மதகு அந்தத் தாள்களில் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் எந்த உறுப்பினரிடம் கொடுத்தால் அது ஏறும் என்று அங்கேயே தெரிந்துவிடும்.

மதகு கட்டி முடிந்ததும் திறப்பு விழாவில் வேறு யாரோ நாடா வெட்டக்கூடும். வெட்டட்டும். அந்த ரோட்டில் நடக்கும் 64 பிள்ளைகளின் தாய்மாருக்கு யார் ஓடித் திரிந்தது என்று தெரியும்.

எந்தக் கதவைத் தட்டுவது

நம் மக்கள் எல்லாவற்றுக்கும் தோட்டத் தலைவரிடம் போவார்கள், தலைவர் மாவட்டக் காரியாலயத்துக்குப் போவார், அங்கிருந்து எம்.பி.க்குப் போகும். பாதி பிரச்சினைகள் தப்பான கதவில் நிற்பதாலேயே தீர்வதில்லை. ரோட்டை எடுங்கள். பெரிய ரோடுகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு, அடுத்த வகை மாகாண சபைக்கு, சின்ன ரோடு பிரதேச சபைக்கு, உள்ளே போவது தோட்டத்துக்கு. லயத்துக் கூரையும் பிள்ளைக் காம்பராவும் என்றால் தோட்ட நிர்வாகமும், சனம் "ட்ரஸ்ட்" என்று சொல்லும் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியமும். புதிய வீடு என்றால் 2018இன் 32ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகார சபை. சம்பளம் வேறு கதவு. 2021இல் 1,000 ரூபா நாட்சம்பளம் சம்பளச் சபை வழியாக வர்த்தமானியில் வந்தது. அந்த நடைமுறை எப்படி ஓடுகிறது என்று தெரியாதவர் சம்பளத்தைப் பற்றி மேடையில் சத்தியம் பண்ணக் கூடாது.

டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலையைப் பாருங்கள். இந்திய அரசாங்கத்தின் உதவியில் எழுந்த கட்டடம், 150 கட்டில். 2017 மே 12ஆம் திகதி இந்தியப் பிரதமர் மோடி நேரில் வந்து திறந்தார், அன்றே நோர்வூட் மைதானத்தில் மலையக மக்கள் முன் பேசினார். ஹெலிகொப்டர் இறங்கியதும் சனக்கூட்டமும் இன்னும் கண்ணில் நிற்கிறது. திறப்பு விழா ஒரு நாள். அடுத்த நாளிலிருந்து ஒரு வைத்தியசாலைக்கு டொக்டர் வேண்டும், தாதி வேண்டும், மருந்து வேண்டும், தமிழில் பேசி விளங்கப்படுத்த ஆள் வேண்டும், மேல் பிரிவிலிருந்து ஒரு கர்ப்பிணி இரவில் இறங்கி வர வாகனம் வேண்டும். இவை ஒவ்வொன்றையும் மாதாமாதம் கேட்டுக்கொண்டே இருப்பவர்தான் பிரதிநிதி. பாராளுமன்றம் மாதத்தில் ஏறக்குறைய எட்டு நாள்தான் கூடும். மிச்ச நாளில் செய்வதுதான் பெரிய வேலை.

பிலிப்பைன்ஸில் என்ன செய்கிறார்கள்

நம் பிரச்சினை நமக்கு மட்டும் உள்ளதல்ல. பிலிப்பைன்ஸில் குடும்ப அரசியல் நம்முடையதைவிட ஆழமாக வேரோடியது. அங்கே ஒவ்வொரு கிராமச் சபைக்கும் பக்கத்தில் இளைஞர் சபை ஒன்று உண்டு, 'சங்குனியாங் கபாத்தான்' என்பார்கள். 2016 ஜனவரியில் கையெழுத்தான சீர்திருத்தச் சட்டப்படி 18 முதல் 24 வயது வரையுள்ளவர்கள் அதில் போட்டியிடலாம். கிராமச் சபையின் பொது நிதியில் 10 சதவீதம் அந்த இளைஞர்களின் கையில். பதவியேற்குமுன் கட்டாயப் பயிற்சி. அதோடு, பதவியில் இருப்பவரின் நெருங்கிய உறவினர் போட்டியிட முடியாது. குடும்ப அரசியலுக்குத் தடைபோட்டு அந்த நாட்டில் நிறைவேறிய முதல் சட்டம் அதுதான்.

அந்தச் சட்டத்தை செனட்டில் முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் பாம் அக்கினோ, முன்னாள் ஜனாதிபதி கொராசோன் அக்கினோவின் கணவருடைய சகோதரரின் மகன். பெரிய குடும்பத்தில் பிறந்தவரே அந்தக் கதவைக் கொஞ்சம் சாத்த உதவினார். 36 வயதில், 2013இல், செனட்டரானவர். அரச பல்கலைக்கழகங்களில் இலவசக் கல்வி தரும் 2017ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அவருடைய உழைப்பு உண்டு. 2019இல் தோற்றார், 2025இல் மறுபடி வென்றார். பெயரோடு வந்தவர் சட்டம் ஒன்றை விட்டுவிட்டுப் போக முடியும் என்பதற்கு இதைச் சொல்கிறேன். நம் பெரிய குடும்பங்களின் இளையவர்களுக்கும் இது பொருந்தும்.

நமக்கு அந்த மாதிரி இளைஞர் சபையும் நிதியும் இல்லை. தேசிய இளைஞர் சேவைகள் மன்றத்தின் கீழ் இளைஞர் கழகங்கள் உண்டு, இளைஞர் பாராளுமன்றம் உண்டு. உங்கள் தோட்டத்தில் கழகம் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் பதியுங்கள். செயலாளர் பதவியைக் கேட்டு வாங்குங்கள். தலைவர் பதவிக்குப் போட்டி இருக்கும், செயலாளர் பதவிக்கு ஒருவரும் வரமாட்டார்கள். கூட்டக் குறிப்பு எழுதுவதும் கணக்கு வைப்பதும் அங்கேதான் கைவரும்.

வயிறு, மொழி, மானம்

இனி வீட்டு விஷயம். பிரதேச சபை உறுப்பினரின் கொடுப்பனவில் குடும்பம் நடத்த முடியாது. அதை நம்பி வேலையை விடாதீர்கள். கைத்தொழிலோ கடையோ டியூஷனோ ஒன்று ஓடிக்கொண்டிருக்க வேண்டும். கடன் பட்டுத் தேர்தலில் நிற்பவர், வென்ற அடுத்த நாளே யாருக்கோ சொந்தமாகிவிடுவார். சம்பள நாளில் போத்தல் வாங்கிக் கொடுத்து வாக்குச் சேர்க்கச் சொல்பவர் உங்கள் கட்சிக்காரராக இருந்தாலும் மறுத்துவிடுங்கள். அந்தப் போத்தல் எந்த வீட்டு அடுப்பை அணைக்கிறது என்று லயத்தில் வளர்ந்த உங்களுக்குத் தெரியும்.

முழுநேரமாக இந்தத் துறையில் இருக்க விரும்பினால், வேட்பாளராவதற்கு முன் ஒரு உறுப்பினரின் காரியாலயத்தில் வேலை தேடுங்கள். பாராளுமன்ற உறுப்பினருக்குச் செயலாளர், ஆராய்ச்சி அலுவலர் போன்ற ஆட்கள் உண்டு. வினா தயாரிப்பது, ஒத்திவைப்பு வேளைப் பிரேரணைக்குத் தரவு சேர்ப்பது, மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவில் வைக்கும் கடிதங்களைத் தொகுப்பது எல்லாம் அவர்கள் கையில்தான். சட்டம், அரசறிவியல், பொருளியல் படித்த நம் பிள்ளைகள் இந்த வேலைகளை நினைத்துப் பார்ப்பதே இல்லை. ஹன்சாட் அறிக்கைகளைப் பாராளுமன்ற இணையதளத்தில் இலவசமாகப் படிக்கலாம். உங்கள் மாவட்ட உறுப்பினர் எட்டுப் பேரும் போன மாதம் என்ன பேசினார்கள் என்று படித்துப் பாருங்கள். யார் புள்ளிவிபரத்தோடு பேசினார், யார் பேசவே இல்லை என்பது தெரிந்துவிடும்.

சிங்களம் படியுங்கள். சபையில் தமிழில் பேசலாம், உரைபெயர்ப்பு உண்டு. ஆனால் தொழில்நுட்ப உத்தியோகத்தரோடு மதகடியில் நின்று பேசும்போது உரைபெயர்ப்பாளர் வரமாட்டார். சிங்களத்தில் வாசித்து எழுதத் தெரிந்த தோட்டத்துப் பிள்ளைக்குக் கச்சேரியில் கிடைக்கும் மரியாதையைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

தங்கச்சிமாருக்குத் தனியாக ஒரு வார்த்தை. கூட்டம் இரவில் வைப்பார்கள். வீட்டில் விடமாட்டார்கள். விட்டாலும் லயத்தில் கதை கட்டுவார்கள். அம்மாவையோ பெரியம்மாவையோ கூட்டிக்கொண்டு போங்கள், கூட்டத்தைப் பகலில் வைக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். நாலில் ஒரு பங்கு சட்டம் கொடுத்தது, தயவில் கிடைத்தது அல்ல. பட்டியலை நிரப்ப உங்கள் பெயரை மட்டும் கேட்டு வருபவரிடம், எந்த வட்டாரம், எத்தனையாவது இடம், பிரசாரச் செலவு யாருடையது என்று மூன்று கேள்வி கேளுங்கள். பதில் சொல்லாதவருக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.

தோட்டத்தில் ஒரு நாள் வேலை முடிந்தால் செக்ரோலில் "பேர்" விழும். பேர் விழாவிட்டால் அன்றைய உழைப்பு இல்லை என்று அர்த்தம். கணக்கப்பிள்ளை பேர் போட்டாரா என்று அம்மா எத்தனை தடவை விசாரிப்பார் என்று உங்களுக்குத் தெரியும். வாக்காளர் இடாப்பும் அதே மாதிரிப் புத்தகம்தான். வருஷத்துக்கு ஒரு தடவை திருத்தப்படுகிறது. கொழும்புக்கு வேலைக்குப் போன அண்ணன், கலியாணம் கட்டி வேறு தோட்டம் போன அக்கா, போன வருஷம் 18 வயதான தம்பி, இவர்கள் பெயர்தான் முதலில் தவறிப்போகும். இந்த வாரம் கிராம உத்தியோகத்தரிடம் போய் உங்கள் லயத்துப் பெயர்கள் அத்தனையும் இடாப்பில் இருக்கிறதா என்று பார்த்து, விடுபட்டவற்றை எழுதிக் கொடுங்கள்.